பவளப்பாறையைப் படமெடுத்துக் கண்காணிப்பது எப்படி: முதல் கேள்வியிலிருந்து இரண்டாம் ஆண்டு ஒப்பீடு வரை

பவளப்பாறைக் கண்காணிப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேமராவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த மாடல், எந்த லென்ஸ், எத்தனை மெகாபிக்சல் என்று விசாரித்து வாங்கி, தண்ணீரில் இறங்கி, அழகான படங்களோடு கரையேறுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போய் மறுபடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. உயரம் வேறு, கோணம் வேறு, இடமே சில மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. பவளம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல வழியில்லை.

கண்காணிப்புப் படம் என்பது ஓர் அளவீடு. வேறொருவர், வேறொரு ஆண்டில், அதே இடத்தில் அதே மாதிரி திரும்ப எடுக்க முடிந்தால்தான் அதை நம்பலாம். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே இப்படி அமைந்திருக்கிறது. முதல் இரண்டு படிகளில் தண்ணீருக்கே வேலையில்லை என்று அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

எந்த முறை என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். பொதுவாக வரும் கேள்விகள் மூன்று வகை.

"இந்தப் பாறையில் உயிருள்ள கடினப் பவளம் எத்தனை சதவீதம்?" என்பது பரப்பைப் பற்றிய கேள்வி. இதற்கு அளவுநாடா விரித்து, அதையொட்டி வரிசையாகச் செங்குத்துப் படங்கள் எடுத்தால் போதும். முப்பரிமாண மாதிரி தேவையில்லை.

"இந்தக் காலனிகள் பிழைத்தனவா, வெளிறினவா, நோய் பரவியதா?" என்பது தனித்தனிக் காலனிகளைப் பற்றியது. (காலனி என்பது பாலிப் என்ற சிற்றுயிர்கள் பல ஒட்டி வளர்ந்த ஒரு பவளம்.) அதே காலனிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நிலையான குறியீடும் நெருக்கப் படங்களும் இல்லாமல் இது நடக்காது.

"பாறையின் மேடுபள்ளம் மாறுகிறதா, பவளம் எவ்வளவு வளர்ந்தது?" என்றால் போட்டோகிராமெட்ரி வேண்டும், அதாவது ஒன்றன்மேல் ஒன்று விழும் பல படங்களிலிருந்து மென்பொருளால் முப்பரிமாண மாதிரி தயாரிக்கும் முறை. இங்கே ஒரு கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். கிளைவிடும் அக்ரோபோரா ஆண்டுக்கு 10 செ.மீ. வரைகூட நீளலாம். உருண்டை வடிவப் போரைட்டிஸ் ஏறத்தாழ 1 செ.மீ.தான் வளரும். இரண்டு ஆண்டு மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதில் 1 செ.மீ. பிழை இருந்தால், அக்ரோபோராவின் வளர்ச்சி தெரியும். போரைட்டிஸின் வளர்ச்சி பிழைக்குள் மறைந்துவிடும். அப்படியானால் போரைட்டிஸுக்கு ஓராண்டு இடைவெளி போதாது, சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இது தெரியாமல் ஆண்டுதோறும் மாதிரி தயாரித்து உழைப்பை வீணடிப்பவர்கள் நிறைய.

2. வகைப் பட்டியலைத் தண்ணீரில் இறங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

படத்தில் எதையெல்லாம் பிரித்து எண்ணப் போகிறீர்கள்? கடினப் பவளம், மென்பவளம், கடற்பஞ்சு, பெரும்பாசி, புல்போன்ற குறும்பாசி, பாறையில் படரும் சுண்ணப்பாசி, மணல், உடைந்த பவளத் துண்டுகள், அண்மையில் இறந்த பவளம். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். கடினப் பவளத்தை மட்டும் வடிவப்படி கிளை, மேசை, உருண்டை, படர்தல், இலை எனப் பிரித்துக்கொள்ளலாம். புயலுக்கும் வெப்பத்துக்கும் இந்த வடிவங்கள் வெவ்வேறு விதமாகத் தாக்குப்பிடிக்கும் என்பதால் இந்தப் பிரிவு பிற்பாடு கை கொடுக்கும்.

இனம் வரைக்கும் போக ஆசைப்படாதீர்கள். மேலிருந்து எடுத்த படத்தில் பல பவளங்களை இனம் வரை பிரிக்க முடியாது. பேரினமே சில சமயம் தகராறுதான்.

பட்டியல் தயாரானதும், யாரிடமாவது இருக்கும் பழைய பாறைப் படங்கள் சிலவற்றை வாங்கி அதன்படி வகைப்படுத்திப் பாருங்கள். எந்த இரண்டு வகைகளை நீங்களே குழப்பிக்கொள்கிறீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒன்று, அவற்றைச் சேர்த்துவிடுங்கள். இல்லை, பிரித்துக் காட்டும் அளவுக்குத் தெளிவான படம் எடுக்கத் திட்டமிடுங்கள். எவ்வளவு நெருக்கமாக எடுக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வரும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது. அந்தப் படத்தில் 1.5 மீட்டருக்கு 1 மீட்டர் பரப்பு விழுந்தால் ஒரு பிக்சல் 0.25 மி.மீ. ஆகிறது. 5 செ.மீ. குஞ்சுப் பவளம் 200 பிக்சல் அகலத்தில் தெரியும். 5 மி.மீ. குஞ்சு 20 பிக்சல்தான். அதை நம்பி எண்ண முடியாது.

3. அனுமதியும் மிதப்பும்

பவளப்பாறைகள் பல இடங்களில் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். கம்பி அடிக்கவோ குறியீடு கட்டவோ எழுத்துப்பூர்வ அனுமதி தேவைப்படும். படமெடுக்க மட்டும் அனுமதி வாங்கிவிட்டு அங்கே போய்க் குறியீடு வைப்பது சரியல்ல. விண்ணப்பத்திலேயே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது மிதப்புக் கட்டுப்பாடு. கேமராவைப் பிடித்துக்கொண்டு, பாறைக்கு ஒரு மீட்டர் மேலே, எதையும் தொடாமல் நிற்கத் தெரியாதவர் இந்த வேலைக்கு இன்னும் தயாரில்லை. துடுப்பு பட்டு ஒரு கிளை முறிந்தால் நீங்கள் அளக்க வந்ததையே நீங்களே மாற்றிவிட்டீர்கள். கேமரா, அதைத் தாங்கும் சட்டம், தண்ணீருக்கடியில் எழுதும் ஸ்லேட், நாடா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீச்சல் குளத்தில் முழு ஒத்திகை பாருங்கள். கையில் பொருள் இருக்கும்போது மிதப்பு எப்படி மாறுகிறது என்பது குளத்தில் தெரிந்தால் நல்லது.

ஆழம் குறைந்த, அமைதியான இடங்களில் ஸ்நார்க்கலோடு மிதந்தே நாடா வரிசைப் படங்களை எடுக்கலாம். முப்பரிமாண வேலைக்குப் பெரும்பாலும் ஸ்கூபா தேவைப்படும். எதுவானாலும் இருவராக இறங்குங்கள்: ஒருவர் படம், மற்றவர் நாடா, நேரம், காற்றழுத்தம். படமெடுப்பவர் திரையிலேயே மூழ்கிக் காற்றின் அளவைப் பார்க்க மறப்பது சர்வ சாதாரணம்.

4. கேமராவும் ஹவுசிங்கும்

விலையுயர்ந்த கேமரா கட்டாயம் இல்லை. தண்ணீர் புகாத சிறிய கேமராவோ கோப்ரோவோ நாடா வரிசைப் படங்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மீன்கண் பார்வையில் விளிம்புகள் வளையும், அங்கே பரப்பளவு பொய்யாகும். கோப்ரோவில் லீனியர் பார்வையைத் தேர்ந்தெடுங்கள். ஜூம் செய்யும் லென்ஸ் என்றால் ஓர் அளவில் நிறுத்தி, வேலை முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

தட்டைக் கண்ணாடி வழியாகப் படமெடுக்கும்போது ஒளி விலகலால் பொருள்கள் கால்பங்கு நெருங்கியும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். பார்வைக் கோணமும் சுருங்கும். கரையில் பார்த்த அகலம் தண்ணீரில் கிடைக்காது. குவிமாட வடிவக் கண்ணாடியில் இந்தச் சுருக்கம் பெருமளவு இருக்காது. எதை வைத்திருந்தாலும், எந்த உயரத்தில் எவ்வளவு பரப்பு விழுகிறது என்பதைக் குளத்திலேயே நாடா வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

வீடியோ எடுத்து அப்புறம் அதிலிருந்து படங்களைப் பிரித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 4கே வீடியோவின் ஒரு சட்டகம் சுமார் 8 மெகாபிக்சல்தான், அதுவும் அசைவில் மங்கியிருக்கும். நேரடியாகப் படம் எடுக்க முடிந்தால் அதையே செய்யுங்கள்.

ஹவுசிங்கை, அதாவது கேமராவை மூடும் தண்ணீர் புகாத உறையைப் பொறுத்தவரை, அதை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ இருந்தாலே தண்ணீர் உள்ளே வரும். வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிலும் பார்த்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுங்கள். அதிகம் தடவினால் அதுவே தூசியைப் பிடித்து வைக்கும். முதல் முறை கேமரா இல்லாமல் வெறும் ஹவுசிங்கை நன்னீர்த் தொட்டியில் அமுக்கிப் பாருங்கள். உலர்ந்த, குளிர்ந்த அறையில் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று வைத்தால் கண்ணாடியில் ஆவி படியாது. படகில் வியர்த்த கையோடு மூடினால் முதல் பத்து நிமிடப் படங்கள் மூடுபனிக்குள் போய்விடும்.

5. ஒளியைச் சரிசெய்யுங்கள்

தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கும். தெளிந்த கடலிலும் ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும். படம் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். நிறம் போனால் சுண்ணப்பாசியின் இளஞ்சிவப்பும் குறும்பாசியின் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். வகைப்படுத்துவதில் வரும் பிழைகள் பல இங்கேதான் பிறக்கின்றன.

அதனால் ரா வடிவில், அதாவது கேமரா பதப்படுத்தாத கோப்பாக எடுங்கள். ஜேபெக்கில் போன நிறத்தைத் திரும்ப வரவழைப்பது கஷ்டம். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் அந்த ஆழத்திலேயே, பிறகு நிறத்தைச் சரிசெய்ய அளவாக, ஒரு சாம்பல் அட்டையைப் படமெடுங்கள். ஆழம் சில மீட்டர் மாறினால் மறுபடி எடுங்கள். கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நிறம் கொடுக்கும், ஒப்பிடவே முடியாது.

ஸ்ட்ரோப் (தண்ணீருக்கடியில் பயன்படும் ஃபிளாஷ்) வைத்திருந்தால் கேமராவிலிருந்து இரு பக்கமும் நன்றாக விலக்கி, சற்றே வெளிப்பக்கம் திருப்புங்கள். லென்ஸுக்கும் பாறைக்கும் இடையில் மிதக்கும் துகள்கள் மேல் வெளிச்சம் நேராக விழுந்தால் படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தூவும்.

ஆழம் குறைந்த இடத்தில் வேறொரு தொல்லை. நண்பகல் வெயிலில் அலைகள் பாறைமேல் வெளிச்சக் கோடுகளை ஓடவிடும். நாடா வரிசைப் படங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். போட்டோகிராமெட்ரி மென்பொருளோ அந்தக் கோடுகளைப் பாறையின் அடையாளமாக எடுத்துக்கொண்டு குழம்பும். மேகமூட்டமான நாளோ வெயில் சாய்ந்த நேரமோ நல்லது.

ஷட்டர் வேகத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் நீந்துகிறீர்கள், ஷட்டர் 1/100 விநாடி என்று வையுங்கள். அந்த நேரத்துக்குள் கேமரா 2 மி.மீ. நகர்ந்துவிடும். பிக்சல் 0.25 மி.மீ. என்றால் எட்டு பிக்சல் மங்கல். அதே வேகத்தில் 1/400 வைத்தால் இரண்டு பிக்சல்தான். நின்று எடுக்கும் படத்துக்கு 1/125 போதும். நீந்திக்கொண்டே எடுப்பதற்கு 1/400 அல்லது அதற்கு மேல். வெளிச்சம் போதவில்லையென்றால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர் அளவு) ஏற்றுங்கள். சற்றுக் குருணையான படத்தில் பாலிப்பின் வடிவம் தெரியும், மங்கிய படத்தில் தெரியாது.

6. இடத்தை நிலையாகக் குறியுங்கள்

படகிலிருந்து எடுத்த ஜிபிஎஸ் புள்ளி சில மீட்டர் தள்ளி இருக்கும். நீரோட்டம் இறங்குபவரை இன்னும் தள்ளிவிடும். ஜிபிஎஸ் உங்களை அக்கம்பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். மிச்சத்தைக் கீழே உள்ள குறியீடு செய்ய வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை இறந்த பாறையில் அல்லது பவளங்களுக்கு இடையிலுள்ள வெற்றுத் தரையில் அடியுங்கள். உயிருள்ள பவளத்தில் ஒருபோதும் வேண்டாம். வரிசைக்கு இரண்டு முனைகளில் மட்டும் கம்பி வைத்தால் நடுவில் நாடா அலைக்குச் சாயும். 50 மீட்டர் வரிசையானால் பத்து மீட்டருக்கு ஒன்றாவது வையுங்கள். ஓராண்டில் கம்பிமேல் பாசியும் கடற்பஞ்சும் மூடி அது கண்ணில் படாமல் போகும். எனவே ஒவ்வொரு கம்பியையும் தூரத்திலிருந்தும் அருகிலிருந்தும் படமெடுத்து, பக்கத்திலிருக்கும் பெரிய உருண்டைப் பவளமோ பாறை வெடிப்போ எந்தத் திசையில் எத்தனை மீட்டர் என்று ஸ்லேட்டில் வரைந்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டு கம்பியைக் கண்டுபிடித்துத் தருவது பெரும்பாலும் இந்தக் கைவரைபடம்தான்.

7. வரிசைப் படங்கள்: வரிசை மாறாமல்

அ. முதல் படம் ஸ்லேட். இடத்தின் பெயர், தேதி, வரிசை எண், ஆழம், எடுப்பவர் பெயர். இது இல்லாமல் போனால் மூன்று வரிசைகளின் படங்கள் ஒரே கார்டில் கலந்து கிடக்கும்போது எது எங்கே என்று தெரியாது.

ஆ. இரண்டாவது சாம்பல் அட்டை.

இ. நாடாவைக் கம்பியிலிருந்து கம்பிக்கு இழுத்துக் கட்டுங்கள். தொய்வு இருந்தால் நாடா பவளத்தில் உரசும், கோடும் மாறும். நாடா விரித்தவர் தூசி கிளப்பியிருப்பார், அது படிய ஓரிரு நிமிடம் விடுங்கள்.

ஈ. நாடாவின் ஒரே பக்கத்தில், எப்போதும் அதே பக்கத்தில், மீட்டருக்கு ஒரு படம். எந்தப் பக்கம் என்பதை நெறிமுறைத் தாளில் எழுதி வையுங்கள்.

உ. உயரம் மாறக்கூடாது. நான்கு கால்கள் கொண்ட பிவிசி சட்டத்தில் கேமராவைப் பூட்டினால் உயரமும் பரப்பும் தானாகவே ஒன்றாக வரும். குழாய்களில் துளையிட்டால்தான் தண்ணீர் நிரம்பிக் கீழே நிற்கும். கிளைப் பவளம் அடர்ந்த இடத்தில் கால்கள் பவளத்தை உடைக்கும். அங்கே சட்டத்தை விட்டுவிட்டு, கேமராவிலிருந்து தொங்கும் எடை கட்டிய கயிறு ஒன்றை உயர அளவாகப் பயன்படுத்துங்கள். கயிறு பாறையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது படம்.

ஊ. கேமரா நேராகக் கீழே பார்க்க வேண்டும். பாறை சரிவாக இருந்தால் சரிவுக்குச் செங்குத்தாக. புதியவர்கள் நீந்தும் திசையில் கேமராவை முன்னால் சாய்த்துவிடுவார்கள். அப்போது உயரமான பவளங்கள் பின்னாலிருக்கும் மணலை மறைத்து, பவளப் பரப்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். பாறை உண்மையில் மோசமாகும்போது நன்றாக இருப்பதாகக் காட்டக்கூடிய பிழை இது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எ. "இங்கே மணல்தானே, விட்டுவிடலாம்" என்று ஒரு படத்தைக்கூடத் தாண்டாதீர்கள். மணலும் பதில்தான். அழகான காலனி தெரிய வேண்டும் என்று கேமராவை ஓரடி நகர்த்துவதும் அதே தவறுதான்.

8. முப்பரிமாண மாதிரிக்குப் படமெடுப்பது

கேள்விக்கு இது தேவையில்லையென்றால் இந்தப் படியைத் தாண்டிச் செல்லுங்கள்.

மென்பொருள் ஒரே புள்ளியைப் பல படங்களில் கண்டுபிடித்துத்தான் ஆழத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதமும், பக்கத்து வரிசைகள் குறைந்தது 60 முதல் 70 சதவீதமும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தில் நீந்தும் திசையில் 1 மீட்டரும் பக்கவாட்டில் 1.5 மீட்டரும் விழுகிறது. 80 சதவீதம் வேண்டுமானால் 20 செ.மீ.க்கு ஒரு படம்; விநாடிக்கு 20 செ.மீ. நீந்தினால் விநாடிக்கு ஒரு படம். வரிசைகளுக்கு இடையே 40 செ.மீ. விட்டால் 25 வரிசைகள், மொத்தம் 250 மீட்டர் நீச்சல். அது சுமார் 21 நிமிடம், 1250 படங்கள். அதே சதுரத்தைக் குறுக்குவாட்டில் இன்னொரு முறை ஓட்டினால்தான் மேசைப் பவளங்களின் பக்கங்கள் சரியாக வரும். ஆக 42 நிமிடம், 2500 படங்கள். திரும்பும் நேரத்தையும் சேர்த்துக் காற்று போதுமா, கார்டில் இடம் இருக்கிறதா, பேட்டரி தாங்குமா என்று இறங்கும் முன் பாருங்கள். பாதியில் நின்ற மாதிரியை அடுத்த நாள் வந்து ஒட்டுவது தலைவலி.

சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அச்சிட்ட குறியட்டைகளை எடை கட்டி வையுங்கள். நீளம் துல்லியமாகத் தெரிந்த அளவுகோல்கள் மூன்றோ நான்கோ வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு திசைகளில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் வைத்தால் அளவு வரும், ஆனால் அளவு சரியா என்று சோதிக்க வேறொன்று இருக்காது. எல்லாக் குறியட்டைகளின் ஆழத்தையும் ஒரே டைவ் கம்ப்யூட்டரால், சில நிமிடங்களுக்குள் எடுத்துவிடுங்கள். நேரம் இழுத்தால் அலையேற்றம் ஆழத்தை மாற்றிவிடும். மாதிரிக்கு எது மேல், எது கீழ் என்று சொல்வது இந்த ஆழங்கள்தான்.

அலையில் ஆடும் கடல் விசிறிகளும் மென்பவளங்களும் மாதிரியில் சிதறிப்போகும். அதை மென்பொருளில் சரிசெய்யப் போராடாதீர்கள். அவை நிறைந்த இடத்துக்கு இந்த முறை பொருந்தாது.

9. வெள்ளையாகத் தெரிவதற்கெல்லாம் ஒரு நெருக்கப் படம்

மேலிருந்து எடுத்த படத்தில் வெள்ளைத் திட்டு வெறும் வெள்ளைத் திட்டுதான். அது வெளிறலா, மரணமா, நோயா, தின்ற தடமா என்று திரையில் சொல்ல முடியாது. வரிசை முடிந்ததும் திரும்பி வந்து, ஒவ்வொன்றையும் ஒரு சாண் தூரத்திலிருந்து, அளவுகோலோடு எடுங்கள்.

வெளிறிய பவளத்தில் சதை இன்னும் இருக்கும். நிறம் கொடுத்த பாசிகள் போனதால் சதை கண்ணாடிபோல ஆகி, அடியிலுள்ள வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. நெருக்கத்தில் பாலிப்புகளும் அவற்றின் உணர்கொம்புகளும் தெரியும். இந்தப் பவளம் பிழைக்கலாம்.

அண்மையில் இறந்ததில் சதையே இருக்காது. பாலிப் இருந்த குழிகளின் விளிம்புகள் கூர்மையாக, வெறுமையாக நிற்கும். சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பச்சையோ பழுப்போ பாசி படியத் தொடங்கும்.

முள்கிரீட நட்சத்திரமீன் தின்ற இடம் தூய வெள்ளையாக, பெரிய திட்டாக இருக்கும். பகலில் அது அடியில் ஒளிந்திருக்கும், பக்கத்து மேசைப் பவளத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள். ட்ரூபெல்லா நத்தைகள் தின்றிருந்தால் கிளைகளின் அடியில் சிறு நத்தைகள் கும்பலாக ஒட்டியிருக்கும். நோய் என்றால் பெரும்பாலும் ஒரு முன்னேறும் எல்லை இருக்கும்: ஒரு பக்கம் உயிருள்ள சதை, நடுவே வெள்ளைப் பட்டை, அதற்குப் பின்னால் பாசி படிந்த பழைய பகுதி.

அப்புறம், அக்ரோபோரா கிளைகளின் நுனியும் மேசைப் பவளத்தின் ஓரமும் இயல்பாகவே வெளிர் நிறம். அது வளரும் பகுதி. நன்றாக வளரும் பவளத்தை "வெளிறியது" என்று குறிப்பது புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வெளிறலைப் பின்தொடர்வதானால் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான கோரல்வாட்ச் நிற அட்டையைப் படத்துக்குள்ளேயே வையுங்கள். அதில் 1 மிக வெளிர், 6 மிக அடர்த்தி. காலனியின் மிக அடர்ந்த இடத்தையும் மிக வெளிர்ந்த இடத்தையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். எப்போது இறங்குவது என்பதற்கு அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் கோரல் ரீஃப் வாட்ச் வெளியிடும் வெப்ப அழுத்தக் கணக்கு உதவும். இயல்பான கோடை உச்சத்தைவிட எத்தனை டிகிரி கூடுதல், எத்தனை வாரம் என்பதைச் சேர்த்து டிகிரி-வாரத்தில் சொல்வது அது. அது 4 டிகிரி-வாரத்தைத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளிறலையும், 8-ஐத் தாண்டினால் கடுமையான வெளிறலையும் மரணத்தையும் எதிர்பார்க்கலாம். வெப்பம் ஏறும் முன் ஒரு முறை, உச்சத்தில் ஒரு முறை, சில மாதம் கழித்து ஒரு முறை. மூன்றாவதை விட்டால் எத்தனை பிழைத்தன என்பது தெரியாமலே போகும்.

10. கரையேறிய அன்றே செய்ய வேண்டியவை

கார்டை அழிக்காமல் இரண்டு இடங்களில் நகலெடுங்கள். முடிந்தால் மூன்றாவது நகல் வேறு கட்டிடத்தில். மூலப் படங்களின் பெயரைக்கூட மாற்றாமல் ஒரு கோப்புறையில் பூட்டி வைத்து, வேலைக்கான நகலுக்கு மட்டும் இடம், தேதி, வரிசை, எண் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். கேமராக் கடிகாரத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லேட்டில் எழுதியதை அன்றே தட்டச்சு செய்யுங்கள். மறுநாள் அது பாதி அழிந்திருக்கும், மீதி புரியாது.

11. புள்ளி வைத்து எண்ணுதல்

ஒவ்வொரு படத்திலும் கணினி சில புள்ளிகளைத் தற்செயலாக வைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் என்ன என்று நீங்கள் வகை சொல்வீர்கள். பவளத்தில் விழுந்த புள்ளிகளின் சதவீதம்தான் பவளப் பரப்பு. கோரல்நெட், ரீஃப்கிளவுட் என்ற இணையத் தளங்கள் இரண்டும் இதைச் செய்ய உதவும்.

எத்தனை புள்ளிகள்? உண்மையான பரப்பு 30 சதவீதம், மொத்தம் 100 புள்ளிகள் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் விடை 21-க்கும் 39-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 1000 புள்ளிகளில் அது 27 முதல் 33 ஆகச் சுருங்கும். ஆனால் ஒரே படத்தில் 100 புள்ளிகளைக் குவிப்பதில் பயன் குறைவு, எல்லாம் ஒரே காலனிமேல் விழும். படங்களைக் கூட்டி, படத்துக்குச் சில புள்ளிகள் வைப்பதே மேல். பெருந்தடுப்புப் பவளத்திட்டை நீண்டகாலமாகக் கண்காணிக்கும் ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனம் படத்துக்கு 5 புள்ளிகள்தான் வைக்கிறது.

புள்ளி நிழலில் விழுந்தால் "தெரியவில்லை" என்றே குறியுங்கள். ஊகித்துப் பவளம் என்று போடாதீர்கள். "தெரியவில்லை" அதிகமாக வந்தால் 5-ஆம் படியில் ஏதோ தவறியிருக்கிறது.

தானியங்கி வகைப்படுத்தலை நம்பலாம், ஆனால் உங்கள் பாறையின் படங்களில் அதைச் சோதித்த பிறகு. சில நூறு படங்களை நீங்களே வகைப்படுத்திப் பயிற்சி கொடுங்கள். பயிற்சியில் காட்டாத வேறு சில படங்களில் அதன் விடையையும் உங்கள் விடையையும் வகை வகையாக ஒப்பிடுங்கள். மொத்தச் சரித்தன்மை நன்றாக இருந்தும், அரிதான ஒரு வகையை அது எப்போதும் தவறவிடலாம். நீங்கள் தேடுவது அந்த வகையாக இருந்தால் மொத்த எண் உதவாது. மனிதர்களையும் இப்படியே சோதியுங்கள்: ஒரே படங்களை இருவர் தனித்தனியாக வகைப்படுத்தி, முரண்படும் இடங்களை உட்கார்ந்து பேசித் தீர்த்த பிறகே மற்ற படங்களுக்குப் போகட்டும்.

12. இரண்டாம் ஆண்டு

அதே பருவத்தில் போங்கள். பெரும்பாசி பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். கோடையில் எடுத்ததை மழைக்காலப் படத்தோடு ஒப்பிட்டால் பாசி பவளத்தை மூடிவிட்டது போலத் தோன்றும்.

இறங்குமுன் முந்தைய ஆண்டுப் படங்களைச் சிறிதாக அச்சிட்டு, தண்ணீர் புகாத உறையில் கையோடு கொண்டுபோங்கள். கம்பியைக் கண்டதும் முதல் சட்டகத்தை அந்த அச்சோடு பொருத்திப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

ஒப்பிடும்போது, உங்கள் முறையின் பிழை எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வரிசையை ஒரே நாளில் இரு முறை, நாடாவைச் சுருட்டி மறுபடி விரித்து, எடுத்துப் பாருங்கள். பாறை மாறவில்லை, ஆகவே இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க உங்களுடையது. அது 4 சதவீதப் புள்ளி என்றால், ஓராண்டில் 3 குறைந்ததை வீழ்ச்சி என்று அறிவிக்கக் கூடாது. முப்பரிமாண மாதிரிக்கும் இதே சோதனை உண்டு.

கேமரா மாற்ற வேண்டி வந்தால், பழையதை ஓய்வு கொடுக்கும் முன் ஒரு சுற்று இரண்டாலும் அதே வரிசைகளை எடுத்து, இரண்டையும் வகைப்படுத்தி, வித்தியாசத்தைத் தரவோடு சேர்த்து வையுங்கள். வகைப் பட்டியலை மாற்றினாலும் அப்படியே: பழைய படங்களில் ஒரு பகுதியைப் புதிய பட்டியலால் மறுபடி வகைப்படுத்துங்கள். மூலப் படங்களைப் பூட்டி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.